கேள்வி - பதில்: தோழர் செயலாளர் வங்கி முதலாளி ஆன கணக்கு

தேனி வாசகர்: கம்யூனிஸ்ட் நிர்வாகியாக இருந்தவர்கள் சோவியத் உடைந்த மறுவருடமே வங்கி நடத்தினார்கள் என்கிறார்கள். கையில் காசு ஏது? ஓர் ஆளை வைத்து விளக்குங்கள்.

பதில்: உக்ரைனின் செர்ஹி திஹிப்கோவை எடுத்துக்கொள்வோம். 1960ல் மால்டோவாவில் பிறந்து, த்னிப்ரோபெத்ரோவ்ஸ்க் நகரில் உலோகவியல் படித்தவர். 1989 முதல் 1991 வரை அந்த மாகாணத்தின் கொம்சொமால் முதல் செயலாளர். கொம்சொமால் என்பது கட்சியின் இளைஞர் அணி. 1991ல் ஒரு வங்கியில் துணைத் தலைவர், 1992ல் புதிதாகத் தொடங்கிய பிரிவாத்பாங்கின் தலைவர். அப்போது வயது 32.

காசு எங்கிருந்து வந்தது என்று புரிய, அந்தக் கால ரூபிளைப் புரிந்துகொள்ள வேண்டும். ரூபிள் அங்கே இரண்டு ஜாதி. ஒன்று மக்கள் கையில் புழங்கும் ரொக்கம். மற்றது ஆலைகளுக்குள் கணக்கிலேயே கை மாறும் ரூபிள். கணக்கு ரூபிளை ஆலை இயக்குநர் நினைத்தபடி ரொக்கமாக எடுக்க முடியாது. திட்டத்தில் ஒதுக்கிய சம்பளத் தொகைக்கு மட்டும்தான் வங்கி ரொக்கம் கொடுக்கும். 1987ல் கொம்சொமாலின் கீழ் இளைஞர் அறிவியல் தொழில்நுட்ப மையங்கள் வந்தன. அவற்றுக்கு மட்டும் ஒரு சலுகை: ஆலையிடமிருந்து கணக்கு ரூபிள் வாங்கலாம், வேலை செய்தவர்களுக்கு ரொக்கமாகக் கொடுக்கலாம்.

உதாரணத்துக்கு, ஓர் ஆலை கணினி நிரல் எழுதித்தரச் சொல்லி மையத்துக்கு 10,000 ரூபிள் கணக்கில் மாற்றுகிறது. எழுதிய மாணவர்களுக்கு 6,000 ரொக்கம். மீதி மையத்துக்கு. ஆலைக்கும் நஷ்டமில்லை, அந்த ரூபிளை வேறு எதற்கும் அதனால் செலவழிக்க முடியாது. கெட்டுப்போன இடம் இதுதான்: நாளடைவில் நிரல் இல்லாமலே ஒப்பந்தம் மட்டும் எழுதினார்கள். ரொக்கம் வெளியே கொட்டியது, கடையில் சரக்கு இல்லை, விலை ஏறியது. பின்னாளில் ரஷ்யாவின் எண்ணெய் முதலாளியான ஹோதர்கோவ்ஸ்கி, மாஸ்கோவில் இந்த வாசல் வழியாகத்தான் மெனாதெப் வங்கிக்குப் போனார். திஹிப்கோ போன்ற மாகாணச் செயலாளர்களுக்கு, எந்த ஆலையில் பணம் முடங்கிக் கிடக்கிறது, கையெழுத்துப் போடுகிறவர் யார் என்பதெல்லாம் மனப்பாடம். என் கணக்கில், ரொக்கத்தைவிடப் பெரிய முதல் இந்த விலாசப் பட்டியல்தான்.

மதுரை வாசகர்: த்னிப்ரோபெத்ரோவ்ஸ்க் என்ற அந்த ஒரே ஊரிலிருந்து இத்தனை பேர் மேலே வந்தது எப்படி?

பதில்: யுஷ்மாஷ் ஏவுகணை ஆலை இருந்த ஊர், 1987 வரை வெளிநாட்டார் நுழைய முடியாது. ஆலையின் இயக்குநர் குச்மா 1994ல் நாட்டின் அதிபரானார். தற்காலிக அதிபராக 2014ல் இருந்த துர்ச்சினோவ், இதே கொம்சொமால் மாகாணக் கமிட்டியில் பிரசாரப் பிரிவைக் கவனித்தவர். பின்னாளில் பிரதமரான யூலியா திமொஷென்கோவின் முதல் வியாபாரமும் அங்கேதான். நம்ம ஊர் பாஷையில், ஒரே டீக்கடை பெஞ்ச்.

கோவை வாசகர்: வங்கி நடத்திய திஹிப்கோவே மத்திய வங்கித் தலைவராகவும் வந்தாராமே?

பதில்: ஆம். 1997ல் துணைப் பிரதமர், பிறகு பொருளாதார அமைச்சர், 2002 டிசம்பரில் உக்ரைன் தேசிய வங்கியின் தலைவர். அந்தப் பதவியில் இருந்தபடியே 2004ல் அப்போதைய பிரதமர் யானுகோவிச்சின் அதிபர் தேர்தல் பிரசாரத்துக்குத் தலைமை ஏற்றார். நடுவர் விசிலோடு ஒரு அணிக்கு ஆடப் போனது போல. அந்தத் தேர்தலில் முறைகேடு என்று மக்கள் எழுந்த ஆரஞ்சுப் புரட்சியில் தெருக்கள் நிரம்பிய பிறகு, நவம்பர் இறுதியில் இரண்டையும் விட்டார்.

தூத்துக்குடி வாசகர்: அவருடைய சாமர்த்தியமா, அதிர்ஷ்டமா?

பதில்: 2007ஐப் பாருங்கள். தன் தாஸ் குழுமத்தின் வங்கியை ஸ்வீடனின் ஸ்வெட்பாங்குக்கு சுமார் 73.5 கோடி டாலருக்கு விற்றார். உக்ரைனில் அப்போது வீடும் காரும் டாலர் கடனில்தான். டாலர் 5 ஹ்ரிவ்னியா (உக்ரைன் நாணயம்) விலையில் 10,000 டாலர் கடன் வாங்கியவருக்கு 50,000 ஹ்ரிவ்னியா பாரம். 2008 நெருக்கடியில் டாலர் 8ஐத் தொட்டது. சம்பளம் மாறாமலே பாரம் 80,000. தவணைகள் நின்றன. வங்கியை வாங்கிய ஸ்வீடன்காரர்கள் 2013ல் உக்ரைனை விட்டே போனார்கள். விற்ற நேரம் அதிர்ஷ்டம் என்றே சொல்வேன். 2016ல் கிரேக்கர்களிடமிருந்து யுனிவர்சல் பாங்கை வாங்கியது சாமர்த்தியம். அந்த ஆண்டு டிசம்பரில் பிரிவாத்பாங்க் அரசுடைமையானது; அங்கிருந்து வெளியேறிய நிர்வாகிகள் யுனிவர்சலின் உரிமத்தை வைத்து 2017ல் கிளையே இல்லாத, செல்போனில் மட்டும் இயங்கும் மோனோபாங்கைத் தொடங்கினார்கள்.

சேலம் வாசகர்: பழைய கொள்கை ஏதாவது மிச்சம் உண்டா?

பதில்: 2010 அதிபர் தேர்தலில் சுமார் 13 சதவீத வாக்குடன் மூன்றாம் இடம் பிடித்து, மீண்டும் துணைப் பிரதமர் ஆனார். 2011ல் அவர் முன்னின்று கொண்டுவந்த ஓய்வூதியச் சட்டம், பெண்களின் ஓய்வு வயதை 55லிருந்து படிப்படியாக 60க்கு உயர்த்தியது. மிச்சம் உண்டா என்பதை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.