சில்வியா மெண்டஸின் பள்ளிக்கூடம்

அன்புள்ள அம்மா,

விண்வெளிக்குச் சென்ற முதல் லத்தீன் அமெரிக்க வம்சாவளிப் பெண் எல்லன் ஓச்சோவா பற்றி நீங்கள் எழுதியதை என் வகுப்பில் வாசித்துக் காட்டினேன். பிள்ளைகள் அசந்துபோனார்கள். மற்ற துறைகளிலும் இப்படி முதலாவதாக வந்தவர்கள் பத்துப் பேரின் பெயர் தர முடியுமா? வகுப்புச் சுவரில் ஒட்டிவைக்க ஆசை.

க.

அன்புள்ள க.,

அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு 2009இல் நீதிபதியாக வந்த சோனியா சோட்டோமேயர், ஓசோன் படல ஆய்வுக்காக 1995இல் நோபல் பெற்ற மரியோ மொலினா, பேஸ்பால் வீரர் ராபர்ட்டோ கிளமென்டே என்று சொல்லிக்கொண்டே போகலாம். ஆனால் சுவரில் ஒரே ஒரு படத்துக்குத்தான் இடம் என்றால் நான் சில்வியா மெண்டஸைத்தான் ஒட்டுவேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் செவிலியராக இருந்தவர் அவர்.

இரண்டாம் உலகப் போர்க் காலம். கலிபோர்னியாவின் வெஸ்ட்மின்ஸ்டர் ஊரில், போரையொட்டி அமெரிக்க அரசு முகாமில் அடைத்திருந்த ஒரு ஜப்பானிய வம்சாவளிக் குடும்பத்தின் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து விவசாயம் செய்தார்கள் சில்வியாவின் பெற்றோர். அப்பா கொன்சாலோ மெக்சிகோக்காரர், அம்மா பெலிசிடாஸ் போர்ட்டோ ரிக்கோக்காரர். சில்வியாவையும் தம்பிகளையும் தன் பிள்ளைகளையும் பள்ளியில் சேர்க்க அழைத்துப் போனார் அத்தை. அத்தையின் பிள்ளைகள் வெள்ளை நிறம். அவர்களைச் சேர்த்துக்கொள்ளப் பள்ளி தயார். மாநிறச் சில்வியா 'மெக்சிகன் பள்ளி'க்குப் போக வேண்டுமாம். அத்தை ஒருவரையும் சேர்க்காமல் எல்லோரையும் வீட்டுக்குத் திருப்பி அழைத்து வந்துவிட்டார். அந்த அத்தையை எனக்கு மிகவும் பிடிக்கும்.

மெக்சிகன் பள்ளி என்பது ஒரு மரக் கொட்டகை. பக்கத்தில் மாட்டு மேய்ச்சல் நிலம், நடுவில் மின்வேலி. மதியச் சாப்பாட்டில் ஈ மொய்க்கும்.

1945இல் மெண்டஸ் உட்பட ஐந்து குடும்பங்கள், ஐயாயிரம் பிள்ளைகளின் சார்பில், நான்கு பள்ளி மாவட்டங்கள் (வட்டாரப் பள்ளிகளை நடத்தும் நிர்வாகங்கள்) மீது வழக்குப் போட்டன. கொன்சாலோ வழக்குக்காக ஊர் ஊராக அலைய, பண்ணையைத் தனியாகத் தாங்கியவர் பெலிசிடாஸ். மெக்சிகன் பிள்ளைகள் சுத்தத்தில் தாழ்ந்தவர்கள் என்று ஒரு கல்வி அதிகாரி நீதிமன்றத்திலேயே சொன்னார். 1946இல் குடும்பங்கள் வென்றன. 1947இல் மேல்முறையீட்டிலும் தீர்ப்பு நின்றது. கலிபோர்னியச் சட்டத்தில் எஞ்சியிருந்த பள்ளிப் பிரிவினையை நீக்கும் மசோதாவில் அதே ஆண்டு கையெழுத்திட்ட ஆளுநர் ஏர்ல் வாரன்தான், 1954இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதியாக, நாடெங்கும் பள்ளிகளில் நிறப்பிரிவினை செல்லாது என்று எழுதினார். நீங்கள் வாசித்துக் காட்டிய ஓச்சோவா அந்தக் கலிபோர்னியாவில் 1958இல் பிறந்து அரசுப் பள்ளியில் படித்தவர்.

இந்தச் சண்டையெல்லாம் அழகான விளையாட்டுத் திடல் உள்ள பள்ளிக்காக என்றே சிறுமி சில்வியா நினைத்திருந்தார். புதிய பள்ளியில் ஒரு வெள்ளைப் பையன் "உனக்கு இங்கே என்ன வேலை" என்கிற மாதிரிக் கேட்டுவிட, அழுதுகொண்டே வீடு திரும்பினார். எதற்காகப் போராடினோம் என்று அன்றைக்குத்தான் அம்மா உட்காரவைத்துச் சொன்னார்: அவனும் நீயும் சமம்.

உங்கள் வகுப்பில் சொல்லும்போது அந்த மின்வேலியை விட்டுவிடாதீர்கள். பண்ணையில் தனியாக நின்ற பெலிசிடாஸையும்.