22 நிமிடமும் 20 நாளும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். ரேணுகா வேலூரில், சம்பத் செவ்வாய்க் கிரகத்தில் என்று நீங்கள் எழுதிவரும் செவ்வாய்க் காதல் தொடரின் மூன்று பாகங்களையும் படித்து முடித்தேன். எங்கள் வீட்டில் அதைப் படிப்பவர்கள் மூன்று பேர், அபிப்பிராயமும் மூன்று. மருமகள் கணக்கு வரும் பக்கங்களைத் தள்ளிவிட்டு ரேணுகா வரும் இடங்களை மட்டும் படிக்கிறாள். காட்பாடியில் பொறியியல் படிக்கும் பேரன் காதல் பக்கங்களைத் தள்ளிவிடுகிறான். குவாண்டம் பின்னல் என்று ஒன்று இருக்கிறதாம், அதை வைத்தால் ரேணுகாவும் சம்பத்தும் நொடி தாமதமில்லாமல் பேசலாமாம், உங்களுக்கு அது தெரியவில்லை என்கிறான். நான் எதையும் தள்ளாமல் படித்ததால்தான் எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரர் ராணுவத்தில் இருந்தவர். எங்கள் ஊரில் அது அதிசயமில்லை. கல்யாணமான நான்காம் மாதம் அவரைக் காட்பாடி ஜங்ஷனில் ரயிலேற்றிவிட்டு வந்தேன். 56 ஏ.பி.ஓ. என்ற ராணுவத் தபால் முகவரிக்கு நீல இன்லேண்டில் எழுதிப் போட்டால் பதில் வர 20 நாளாகும். உங்கள் ரேணுகாவோ செவ்வாயிலிருந்து ஒரு சொல் வந்துசேர ஆகும் 22 நிமிடத்துக்கு மொட்டை மாடியில் நின்று அழுகிறாள். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. மூன்றாம் பாகத்தில் வில்லனும் இல்லை, மாமியார் கொடுமையும் இல்லை. யாரைக் கோபித்துக்கொள்வது என்றே தெரியவில்லை. நம் ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகம் இருக்கும்போது அது ஏன் கதைக்குள் வரவில்லை? கடைசியாக ஒன்று. சம்பத் திரும்பி வரும் நாளில் ரேணுகா என்ன சமைத்து வைப்பாள் என்பதையாவது நான்காம் பாகத்தில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
கம்மவான்பேட்டை வாசகி

அன்புள்ள அம்மா,

வணக்கம். முதலில் உங்கள் பேரனுக்கு. பின்னலுற்ற இரண்டு துகள்களில் ஒன்றை இங்கே அளந்தால், அங்கே அளக்கப்படும் மற்றொன்றோடு அது ஒத்துப்போகும் என்பது உண்மைதான். ஆனால் அளக்கும்போது என்ன விடை வரவேண்டும் என்பதை அளப்பவர் தீர்மானிக்க முடியாது என்பதால், அதன் வழியாக ஒரு ‘ம்’ கூட அனுப்ப முடியாது. ஒத்துப்போயிற்றா என்று சரிபார்ப்பதற்கே இரு பக்கத்துக் குறிப்புகளையும் ஒளியை மிஞ்சாத ஏதோ ஒரு வழியில் அனுப்பியாக வேண்டும். காவலூரைப் பொறுத்தவரை, அங்குள்ள 2.34 மீட்டர் தொலைநோக்கி ரேணுகாவுக்குத் தேவைப்படவில்லை. அவள் பார்க்க விரும்பும் கிரகம் வேலூர் சத்துவாச்சாரியில் உள்ள அவள் மொட்டை மாடியிலிருந்து வெறும் கண்ணுக்கே தெரிவது.

இனி உங்கள் சிரிப்புக்கு வருகிறேன். அது என்னை இரண்டு நாள் எழுதவிடவில்லை.

பூமியும் செவ்வாயும் ஏறத்தாழ 26 மாதங்களுக்கு ஒருமுறை ஒன்றையொன்று நெருங்குகின்றன. மிகவும் நெருங்கும் ஆண்டில் இடைவெளி சுமார் 5.5 கோடி கிலோமீட்டராகக் குறையும், ஒரு சொல் போய்ச்சேர 3 நிமிடம் போதும். சூரியனுக்கு அந்தப் பக்கம் செவ்வாய் போய்விட்டால் இடைவெளி 40 கோடியாகி, அதே சொல்லுக்கு 22 நிமிடம் ஆகும், பதிலுக்கு இன்னொரு 22. இந்தத் தாமதம் எப்படியிருக்கும் என்று அறிய, மூன்றாம் பாகம் எழுதும்போது நானும் என் மனைவியும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் ஒரே வீட்டில் இருந்துகொண்டு, எழுதிய சீட்டை 20 நிமிடம் கழித்தே மற்றவரிடம் கொடுப்பது என்று விதி வைத்துக்கொண்டோம். ‘இட்லி போதுமா, இன்னும் வேண்டுமா?’ என்று அவள் எழுதிய சீட்டுக்கு நான் எழுதிய பதில் அவள் கைக்குச் சேர்ந்தபோது பாத்திரம் கழுவிக் கவிழ்க்கப்பட்டிருந்தது. பத்து மணிக்கு மேல் நாங்கள் இருவருமே கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டோம் என்பதை மாலையில் சீட்டுகளை அடுக்கிப் பார்த்தபோதுதான் கவனித்தேன். எல்லாச் சீட்டிலும் செய்திதான் இருந்தது: பால்காரர் வந்தார், கொடியில் துணி காய்ந்துவிட்டது, பக்கத்து வீட்டில் சண்டை. இதைப் பெரிய கண்டுபிடிப்பாக நினைத்து ஓர் அத்தியாயம் முழுக்க எழுதினேன். நீங்களோ நீல இன்லேண்டில் வருடக்கணக்காக அதைத்தான் செய்துகொண்டிருந்திருக்கிறீர்கள்.

ஆகவே ரேணுகா 22 நிமிடத்துக்கு அழுதது பிழைதான். ஆஸ்பத்திரியில் நைட் டூட்டி பார்த்துப் பழகிய ஒரு நர்ஸ் அவ்வளவு சீக்கிரம் கலங்கமாட்டாள். நீங்கள் கவனிக்காத இன்னொரு பிழையையும் நானே சொல்லிவிடுகிறேன். தாமதம் 22 நிமிடமாக இருக்கும் காலத்தில் செவ்வாய் சூரியனை ஒட்டி நிற்கும் என்பதால், அது இரவு வானத்திலேயே இருக்காது. அவள் அண்ணாந்து பார்த்து அழுத அந்தச் சிவப்பு நட்சத்திரம் எதுவாக இருந்தாலும் செவ்வாய் அல்ல. செவ்வாய் எவ்வளவு பிரகாசமாகத் தெரிகிறதோ அவ்வளவு சீக்கிரம் பதில் வரும் என்ற எளிய கணக்கு கையில் இருந்தும், அழுகையை எழுதும் அவசரத்தில் அதைத் தவறவிட்டேன்.

உங்கள் கடிதத்தை மறுபடி படித்தபோது, நான் அளக்க வேண்டியிருந்தது நிமிடத்தை அல்ல, லீவை என்று தோன்றியது. உங்கள் வீட்டுக்காரரின் கடிதம் 20 நாள் தாமதமானால் தபால்காரரைக் கோபித்துக்கொள்ள முடிந்தது. வீட்டில் ஒரு கெடுதல் என்றால் ‘உடனே வரவும்’ என்று தந்தி அடிக்க முடிந்தது. லீவு கிடைத்தால் இரண்டு மூன்று ரயில் மாறியாவது அவர் காட்பாடியில் வந்து இறங்கியிருப்பார், கிடைக்காவிட்டால் மறுத்த அதிகாரியைத் திட்டியிருக்கலாம். கார்காலத்துக்குள் வந்துவிடுகிறேன் என்று சொல்லிப் போன சங்கப் பாடல் தலைவன்கூட, மேகம் இருண்டதைப் பார்த்தவுடன் தேரை விரைந்து செலுத்து என்று பாகனிடம் சொல்ல முடிந்தது. சம்பத்துக்குப் பாகன் இல்லை. செவ்வாயிலிருந்து புறப்படும் கலம் கிரகங்கள் வாகாக நிற்கும் நாட்களில்தான் புறப்பட முடியும், அந்த வாய்ப்பைத் தவறவிட்டால் அடுத்ததற்கு 26 மாதம் காத்திருக்க வேண்டும். புறப்பட்ட பிறகும் ஏழு மாதம்போல ஆகும் பயணத்தில் பெரும்பகுதி என்ஜின் அணைந்த நிலையில் சூரியனைச் சுற்றி மிதந்து வருவதுதான் என்பதால், விரைந்து செலுத்தச் சொல்லவும் ஆளில்லை. மூன்றாம் பாகத்தில் சம்பத்தின் தாயார் இறந்துபோகும் இடத்தை நான் ஒன்றரைப் பக்கத்தில் கடந்துவிட்டேன். தந்தி சரியான நேரத்துக்கு வந்துசேர்கிறது, ஆனால் லீவு என்பதே கிடையாது. அழுகையை நான் அங்கே வைத்திருக்க வேண்டும். அதைத் தூக்கி மொட்டை மாடியில் வைத்துவிட்டேன்.

வில்லன் இல்லை என்ற குறையை மட்டும் நான் ஏற்கவில்லை. காதல் கதையில் குறுக்கே நிற்பவர் ஒருவர் இருந்தால், அவர் அப்பாவோ, சாதியோ, பணமோ, அவரை எதிர்த்தால் வழி திறக்கும் என்ற நம்பிக்கை வாசகருக்கு இருக்கும். அவரை மனம் மாற வைப்பது கடைசி அத்தியாயத்தின் வேலையாகிவிடும். தூரத்தை மனம் மாற்ற முடியாது. யாரைக் கோபித்துக்கொள்வது என்று தெரியாமல் நீங்கள் தவித்த தவிப்பைத்தான் நான் ரேணுகாவுக்குக் கொடுக்க விரும்பினேன். உங்கள் மருமகள் தள்ளிவிடும் கணக்குப் பக்கங்கள் அதற்காகவே இருக்கின்றன. தூரத்தை நான் சௌகரியத்துக்குக் குறைத்தும் கூட்டியும் எழுதினால், அந்தப் பிரிவுக்குக் குற்றவாளி ஆசிரியர்தான் என்று ஆகிவிடும்.

கணக்கிலும் கொஞ்சம் காதல் உண்டு என்பதை மருமகளிடம் சொல்லுங்கள். செவ்வாயின் ஒரு நாள் நம் நாளைவிட 39 நிமிடம் சொச்சம் நீளம் என்பதால், சம்பத்தின் இரவு வேலூரின் இரவோடு ஒருநாள் ஒத்துப்போனால் மறுநாள் 39 நிமிடம் பிந்தும். அப்படியே நழுவிக்கொண்டே போய், 36 அல்லது 37 நாளில் மறுபடி வந்து சேரும். ரேணுகா தன் டூட்டி சார்ட்டில் அந்த நாளைப் பென்சிலால் வட்டமிட்டு வைத்து, அன்றைக்கு மட்டும் நைட் டூட்டியை வேறொருத்தியிடம் மாற்றிக்கொள்வது இரண்டாம் பாகம் ஒன்பதாம் அத்தியாயத்தில் வருகிறது. மருமகள் தள்ளிய பக்கங்களில் அதுவும் இருக்கக்கூடும்.

சமையல் பற்றிக் கேட்டீர்கள். முள்ளுக்கத்திரிக்காய்க் குழம்பு என்று உடனே எழுதிவிடத்தான் ஆசை, அவனும் அதைத்தான் கேட்பான். ஆனால் நம் எடையில் ஐந்தில் இரண்டு பங்குகூட இல்லாத இடத்தில் ஒன்றரை வருடமும், எடையே இல்லாத கலத்தில் மாதக்கணக்கிலும் இருந்துவிட்டு வருகிறவனுக்கு முதல் நாட்களில் எழுந்து நிற்பதே பெரும்பாடு. தலை சுற்றும், வயிறு புரட்டும். நர்ஸாக இருப்பதால் ரேணுகாவுக்கு இது தெரியும். குழம்பு அவளுக்கு மட்டும்தான், அவனுக்கு ரசஞ்சாதம் குழைய வடித்து வைப்பாள். மொட்டை மாடிப் படியை அவனால் ஏற முடியாது என்பதால் கட்டிலைத் திண்ணைக்கு இறக்கிப் போடச் சொல்லி, காலையிலேயே பக்கத்து வீட்டுப் பையன்கள் இருவரைக் கூப்பிட்டு வைத்திருப்பாள்.

அன்புடன்,
தொடரின் ஆசிரியர்,
வேலூர்