சைக்கிள் சீட்: மெத்தையைக் கூட்டியும் வலி ஏன் போகவில்லை?

கேள்வி: வயது 38, கோவையில் இருக்கிறேன். ரோடு பைக் வாங்கி எட்டு மாதம் ஆகிறது. ஞாயிறுதோறும் பொள்ளாச்சி வரை போய்த் திரும்புகிறேன். 50 கிலோமீட்டர் தாண்டினால் சீட்டில் உட்கார முடியவில்லை. முன்பக்கம் எரிகிறது, சில நாள் மரத்தும் போகிறது. ஜெல் உறை போட்டுப் பார்த்தேன். பிறகு அகலமான மெத்தை சீட்டே மாற்றினேன், இன்னும் மோசம். ஆனால் ஆழியாறு தாண்டி வால்பாறை மலை ஏறும்போது இந்த வலி இல்லை. இரண்டு மாதத்தில் 200 கி.மீ. பிரெவே (குறித்த நேரத்துக்குள் முடிக்கவேண்டிய நெடுந்தூர சைக்கிள் ஓட்டம்) ஓட்டப் பேர் கொடுத்திருக்கிறேன். எந்த சீட் வாங்கலாம் அக்கா?

பதில்: வால்பாறையைப் பற்றி ஒரு வரி எழுதினீர்களே, பதில் அதில்தான் இருக்கிறது. மலை ஏறும்போது நாம் நிமிர்ந்து, சீட்டின் பின்பாகத்தில் உட்காருகிறோம். பெடலை அழுத்தி மிதிப்பதால் உடம்புக் கனத்தில் ஒரு பங்கைக் கால்கள் வாங்கிக்கொள்கின்றன. வளைவுக்கு வளைவு எழுந்து நின்றும் மிதிப்போம். பொள்ளாச்சி ரோட்டில் அப்படியா? பாலக்காட்டுக் கணவாய்க் காற்றுக்குக் குனிந்து, அசையாமல் ஒன்றரை மணி நேரம். குனியக் குனிய இடுப்பு முன்னால் சாய்கிறது. கனம் எலும்பை விட்டு நழுவி, அதற்கு முன்னாலுள்ள மெல்லிய சதைமேல் இறங்குகிறது.

கெட்டியான நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கையையும் அடியில் கொடுத்துப் பாருங்கள். பக்கத்துக்கு ஒன்றாக உருண்டை எலும்பு தட்டுப்படும். உடம்பின் கனத்தை சீட்டில் இறக்கவேண்டியவை இந்த இரண்டும்தான். மெத்தை சீட்டில் இவை அமிழ்ந்துவிடும். பிசைந்த மாவில் இரண்டு கட்டைவிரலை அழுத்தினால் நடுவில் மாவு புடைக்கும் இல்லையா, அதேபோல ஜெல் நடுவில் புடைத்து மேலே அழுத்தும். நரம்பும் ரத்தக் குழாயும் ஓடுகிற இடம் அது. அதனால்தான் மரத்துப்போகிறது. அரை மணி நேர ஓட்டத்துக்கு மெத்தை சுகம். நாலு மணி நேரத்துக்கு அது எதிரி. முதல் வேலையாக ஜெல் உறையைக் கழற்றி வையுங்கள், பழைய சீட்டைத் திரும்ப மாட்டுங்கள்.

புது சீட்டுக்குப் பணம் எடுக்கும் முன் அளவு எடுக்கவேண்டும். நெளிவு அட்டைப்பெட்டியிலிருந்து ஒரு துண்டு வெட்டி, கெட்டியான படிக்கட்டிலோ ஸ்டூலிலோ போடுங்கள். மெல்லிய உடையோடு அதன்மேல் உட்கார்ந்து, முட்டி சற்று உயரும்படி காலைத் தூக்கி, முன்னால் குனிந்து ஒரு நிமிடம் இருங்கள். எழுந்ததும் அட்டையைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தால் இரண்டு குழி தெரியும். தெரியாவிட்டால் சுண்ணக்கட்டியைப் படுக்கவைத்து லேசாகத் தேயுங்கள், குழி மட்டும் வெள்ளை படாமல் நிற்கும். ஒரு குழியின் நடுவிலிருந்து மற்றதன் நடுவுக்கு எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்து, அதோடு 20 முதல் 25 வரை கூட்டுங்கள். குழிகளின் இடைவெளி 120 வந்தால் உங்களுக்கு 143 மி.மீ. அகல சீட் சரி. 130-க்கு மேல் போனால் 155 பாருங்கள். ‘பெண்களுக்கானது’ என்ற லேபிளைப் பார்த்து வாங்காதீர்கள். பொதுவாகப் பெண்களுக்கு இந்த இடைவெளி கூடுதல்தான், ஆனால் ஆளுக்கு ஆள் மாறும். அட்டை சொல்வதைக் கேளுங்கள்.

அடுத்து உயரம். என்னிடம் வலி என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, பின்னாலிருந்து எடுத்த ஒரு வீடியோ. மிதிக்கும்போது இடுப்பு இடமும் வலமுமாக ஆடினால் சீட் உயரம் அதிகம். ஒவ்வொரு மிதிக்கும் தொடை இடுக்கு சீட்டில் அரைபடும். மூன்று மணி நேரத்தில் அது ஆயிரக்கணக்கான முறை. குதிகாலைப் பெடலில் வைத்துக் கீழே கொண்டுபோனால் முட்டி அப்போதுதான் நேராக நிமிரவேண்டும். அந்த உயரத்தில் ஆரம்பியுங்கள்.

சீட் கிடைமட்டமாக இருக்கட்டும். போனிலுள்ள லெவல் ஆப் போதும், சீட்டின்மேல் நீளவாக்கில் ஒரு நேரான ஸ்கேலை வைத்து அதன்மேல் போனை வையுங்கள். சீட்டின் மூக்கு, அதாவது ஒடுங்கிய முன்முனை, மேலே தூக்கியிருந்தால் உங்கள் எரிச்சலுக்கு அதுவே காரணமாகலாம். ஒன்று, இரண்டு டிகிரி கீழே சாய்க்கலாம். அதற்கு மேல் போனால் வழுக்கி முன்னால் வந்து, கையும் தோளும் வலிக்கும்.

இனி உங்கள் பழைய சீட்டை உற்றுப் பாருங்கள். மேலுறை எங்கே வழவழவென்று தேய்ந்திருக்கிறது? பின்பாகம் புதிதாகவே இருந்து மூக்குப் பக்கம் பளபளத்தால், நீங்கள் மூக்கில்தான் உட்கார்ந்து ஓட்டியிருக்கிறீர்கள். ஹேண்டில்பார் எட்டாத தூரத்தில் இருக்கிறது என்று அர்த்தம். 10 மி.மீ. குட்டையான ஸ்டெம் (ஹேண்டில்பாரைச் சைக்கிளோடு இணைக்கும் துண்டு) போட்டாலே பாதி வலி போய்விடுவதைப் பலரிடம் பார்த்திருக்கிறேன். சீட்டைவிட விலையும் குறைவு.

இவ்வளவும் சரிசெய்து, மூன்று ஞாயிறு ஓட்டியும் எரிச்சல் இருந்தால் சீட் மாற்றுங்கள். உங்களுக்கு நான் சொல்வது, அளவுக்கேற்ற அகலம், நடுவில் நீளமான பள்ளம் அல்லது திறப்பு, குட்டை மூக்கு, கட்டைவிரலால் அழுத்தினால் லேசாக மட்டும் அமிழும் மெத்தை. புரூக்ஸ் பி17 மாதிரியான தோல் சீட்டை நீண்ட தூரம் ஓட்டுகிறவர்கள் பலர் கொண்டாடுவார்கள், நியாயமான கொண்டாட்டம்தான். ஆனால் அது உடம்புக்கு இணங்கி வரச் சில நூறு கிலோமீட்டர் ஆகும், மழையில் நனையவும் கூடாது. இரண்டு மாதக் கெடுவில் வேண்டாம். புது சீட்டில் எலும்பு இருக்குமிடம் முதல் இரண்டு வாரம் கன்றினாற்போல் வலிக்கலாம், அது பழகிவிடும். மரத்துப்போவது பழகாது, பழக்கவும் கூடாது. ஓட்டி முடித்த மறுநாளும் உணர்ச்சி திரும்பாவிட்டால் சைக்கிளை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

பேட் வைத்த ஷார்ட்ஸுக்குள் உள்ளாடை போடாதீர்கள். தையல்தான் தோலை வழற்றும். நம் ஊர் வியர்வைக்கு உரசும் இடத்தில் கிரீம் தடவுங்கள், வீட்டுக்கு வந்ததும் ஷார்ட்ஸை மாற்றிக் குளியுங்கள். ஈரத்தோடு உட்கார்ந்து டீ குடித்தால் கொப்புளம் வரும். டயரில் கல்லாகக் காற்று அடிக்கும் பழக்கத்தையும் விடுங்கள்.

பிரெவேயில் 200 கிலோமீட்டருக்கு 13 மணி 30 நிமிடம் தருகிறார்கள். அவசரம் இல்லை. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து நின்று இருபது மிதி மிதியுங்கள், வலிக்காவிட்டாலும். கடைசி மூன்று வாரம் சீட்டில் எதையும் மாற்றவேண்டாம். உயரம் சரியாக அமைந்த அன்றே சீட்டைத் தாங்கும் குழாயான சீட் போஸ்ட்டைச் சுற்றி, அது பிரேமுக்குள் நுழையும் இடத்தில், ஒரு இன்சுலேஷன் டேப் ஒட்டிவிடுங்கள். போஸ்ட் 5 மி.மீ. இறங்கினாலும் டேப் காட்டிக்கொடுக்கும், பையிலுள்ள ஆலன் கீயால் ரோட்டோரத்திலேயே ஏற்றிக்கொள்ளலாம்.