திருகிய கம்பிகளால் ஒரு சியாக்ஸ் கத்தி: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: ஐயா, பழைய இங்கிலாந்தின் ஆங்கிலோ-சாக்சன் காலத்துச் சியாக்ஸ் என்ற, ஒருபுறம் மட்டும் கூரான கத்தியைப் போல ஒன்றைச் செய்ய வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. 250 அடுக்குகள் கொண்ட டமாஸ்கஸ் பாளம் ஒன்றை வாங்கி, படத்தில் கண்ட வடிவத்துக்கே அடித்து முடித்தேன். பார்த்த நண்பர், "கத்தி அழகுதான், ஆனால் அந்தக் காலத்துக் கத்தி இல்லை" என்று சொல்லிவிட்டார். எங்கே தவறினேன்?

பதில்: உங்கள் நண்பர் இரக்கமில்லாமல் பேசியிருந்தாலும் சரியாகத்தான் பேசியிருக்கிறார். இன்று டமாஸ்கஸ் என்ற பெயரில் விற்கப்படும் பாளத்தில் இரண்டு வகை எஃகுகள் நூற்றுக்கணக்கான அடுக்குகளாக மடித்து அடிக்கப்பட்டிருக்கும். முதுகிலிருந்து வெட்டும் வாய் வரை ஒரே சீராக வரி ஓடும். ஆங்கிலோ-சாக்சன் கொல்லர் வரி போட்ட கத்தியைச் செய்தபோது அதை ஒரே பாளத்திலிருந்து அடிக்கவில்லை. பல கம்பிகளைச் சூடாக்கி அடித்துப் பக்கவாட்டில் பற்றவைத்து ஒரு கூட்டாகவே அதை அமைத்தார். முதுகில் சாதாரண இரும்பு, நடுவில் திருகிய கம்பிகள் ஒன்றிரண்டு, கீழே வாய்க்கென்றே தனியாக ஓர் எஃகுப் பட்டை என்பதே அதன் அமைப்பு. வரி அலகின் நடுவில் மட்டும் ஒரு நாடாவைப் போல ஓடும். அதற்குக் கீழே தீட்டப்படும் வாயில் வரி எதுவும் இராது. உங்கள் கத்தியில் வாய் வரைக்கும் வரி இறங்கியிருப்பதைத்தான் நண்பரின் கண் பிடித்திருக்கிறது.

அடுக்குகளின் எண்ணிக்கையும் அப்படியே. ஒரு திருகு கம்பிக்கு ஏழு அடுக்குகள் போதும். 1939-இல் இங்கிலாந்தின் சஃபோக் மாவட்டத்தின் சட்டன் ஹூவில், கப்பலோடு புதைக்கப்பட்ட கல்லறையைத் தோண்டியபோது கிடைத்த வாளும் இந்த முறையில் அமைந்ததே. துருப்பிடித்து உறையோடு ஒட்டிப்போன அந்த வாளின் உள்ளமைப்பை ஊடுகதிர்ப் படங்கள்தான் காட்டிக்கொடுத்தன. இந்த முறைக்குப் பேட்டர்ன் வெல்டிங் என்ற பெயரை வைத்தவர் ஹெர்பர்ட் மேரியன். சட்டன் ஹூப் பொருள்களைச் சீரமைத்தவர்களில் ஒருவரான அவர், 1948-இல் வெளிவந்த கட்டுரை ஒன்றில் அதைப் பயன்படுத்தினார். பெயர் புதிது, வேலை பழையது. 6-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலியை ஆண்ட தியோடோரிக் மன்னனின் பெயரில் அவனுடைய அதிகாரி கசியோடோரஸ் எழுதிய கடிதம் ஒன்று, பரிசாக வந்த வாள்களின் நடுவில் சிறு புழுக்கள் நெளிவதைப் போன்ற சுருள்கள் தெரிந்ததாக வியக்கிறது. திருகு கம்பியைத் தேய்த்து மெருகேற்றிப் பார்த்தவர்கள் அந்த உவமையை உடனே ஒப்புக்கொள்வார்கள்.

எல்லாச் சியாக்ஸ்களும் வரி உடையவை என்று எண்ணிவிடவும் வேண்டாம். 1857-இல் தேம்ஸ் ஆற்றில் கிடைத்து இப்போது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கும் புகழ்பெற்ற சியாக்ஸில் பேயக்னோத் என்ற பெயரும், ரூன் என்ற பழைய வடஐரோப்பிய எழுத்துகள் 28-உம் பொறிக்கப்பட்டுள்ளன. அதன் அழகெல்லாம் பள்ளம் வெட்டிப் பதித்த செம்பு, வெண்கல, வெள்ளிக் கம்பிகளால் வந்தது. ஆகவே வரியே இல்லாத, நல்ல வடிவம் கொண்ட ஒரு சியாக்ஸும் வரலாற்றுக்கு உண்மையானதே. முதல் கத்தியை அப்படிச் செய்யுமாறுதான் நான் யாருக்கும் சொல்வேன். ஆனால் கேட்பவர்கள் குறைவு.

கேள்வி: தனித்தனியே திருகிய கம்பிகள் நன்றாக வந்தன. ஆனால் அவற்றைப் பக்கவாட்டில் சேர்த்துப் பற்றவைத்தபோது மேலே ஒட்டியதாகத் தெரிந்த இணைப்பு, சாணை பிடிக்கையில் மயிரிழை போன்ற கருங்கோடாகத் திறந்துகொண்டது. இணைப்பு ஒட்ட உதவும் வெண்காரம் (போராக்ஸ்) தாராளமாகத்தான் போட்டேன். சூடு போதவில்லையா?

பதில்: இருக்கலாம், ஆனால் என் சந்தேகம் சூட்டின் மீதன்று, திருகுப் பள்ளங்களின் மீதே. சதுரக் கம்பியைத் திருகும்போது அதன் நான்கு மூலைகளும் திருகாணியின் மரையைப் போலப் புடைத்துக்கொண்டு, இடையிடையே ஆழமான பள்ளங்களை விட்டுவிடும். அந்தப் பள்ளங்களில் செதிள் (சூட்டில் இரும்பின் மேல் படியும் ஆக்சைடு) தங்கியிருக்கும்போதே கம்பியைச் சதுரமாக அடித்துச் சமன் செய்தால், மேடுகள் பள்ளங்களின் மீது மடிந்து செதிளை உள்ளே புதைத்துவிடும். வெளியே பார்க்க வழவழப்பாக இருக்கும். கோளாறு சாணையில்தான் வெளிப்படும். தாராளமாகப் போட்ட வெண்காரம் இந்த இடத்தில் உதவாது, ஏனெனில் மடிப்புக்குள் அது போய்ச் சேராது.

செய்ய வேண்டியது இதுதான். திருகுவதற்கு முன்பே கம்பியின் மூலைகளைத் தட்டி எண்கோணமாக்கிவிடுங்கள். பள்ளம் பாதியாகக் குறையும். கம்பியின் முழு நீளமும் ஒரே மஞ்சள் நிறத்துக்கு வந்த பிறகே திருகுங்கள். சூடு கூடிய இடம் அதிகமாகத் திருகிக்கொள்ளும், ஆறிய இடம் அசையாது, ஆகவே சீரற்ற சூடு அப்படியே சீரற்ற வரியாகக் கத்தியில் பதிந்துவிடும். திருகி முடித்ததும் ஆறவிட்டு, பள்ளங்களின் அடி வரை வெள்ளி போல் மின்னும்படி தேய்த்துவிட்டு, அதன் பிறகு மட்டும் சதுரமாக அடியுங்கள். சேர வேண்டிய முகங்களை மறுபடியும் அரத்தாலோ சாணையாலோ தட்டையாக்கி, இரண்டு கம்பிகளையும் ஒன்றோடொன்று வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். நடுவில் ஒளி கசிந்தால் அவை இன்னும் தயாராகவில்லை. இந்த ஒரு மணி நேர வேலையைத்தான் எல்லோரும் குறைத்துக்கொள்ளப் பார்க்கிறோம்.

பற்றவைக்கும் சூட்டைப் பொறுத்தவரை, வெண்காரம் 740 டிகிரி செல்சியஸை ஒட்டியே உருகிவிடும் என்பதால் அது உருகுவதை அடையாளமாகக் கொள்ளக் கூடாது. கார்பன் மிகுந்த எஃகு சேர்ந்த கட்டுக்கு 1,200 டிகிரியை ஒட்டிய, வெளிர்மஞ்சளான சூடு தேவை. வெண்காரம் மேற்பரப்பில் எண்ணெயைப் போல ஓடிக் கொதிக்கும். தீப்பொறிகள் மத்தாப்பாகச் சிதறினால் எஃகு எரிகிறது என்று பொருள். எரிந்த எஃகை எந்தத் தோய்ச்சலும் (சூடான எஃகைத் திரவத்தில் முக்கிக் கடினமாக்குதல்) மீட்காது. முதல் சுற்றில் ஓங்கி அடிக்காமல், ஒரு முனையிலிருந்து மறு முனை நோக்கி, கசடு வெளியேற வழி விட்டு, நெருக்கமாகத் தட்டிக்கொண்டே போங்கள். பக்கவாட்டில் அடுக்கிய கம்பிகள் சுத்தியல் அடியில் நழுவித் திரும்பக் கூடியவை என்பதால், அன்றைய முறையில்தான் எல்லாம் என்ற பிடிவாதம் இல்லையென்றால், இரு முனைகளிலும் மின் பற்றவைப்பால் ஒரு புள்ளி வைத்துக்கொள்வதில் தவறில்லை.

பற்றாத இடத்தைச் சாணை வரை கொண்டுபோகாமல் உலையிலேயே கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. கம்பிக் கட்டினை வெளியே எடுத்து, அது ஆரஞ்சிலிருந்து சிவப்புக்கு இறங்கும் சில நொடிகளில் கண்ணை எடுக்காமல் பாருங்கள். உள்ளே பிரிந்திருக்கும் இடத்தில் மேல்தோல் தனியாக நிற்பதால் அது சுற்றியுள்ள பகுதியை விட விரைவாக ஆறும். சிவப்புக்கு நடுவே கறுத்த நிழல் ஒன்று படரும். ஓரங்கள் தெளிவான அத்தகைய நிழலைக் கண்டால் உடனே வெண்காரம் இட்டு மறுபடியும் பற்றவையுங்கள்.

கேள்வி: மீன்முள் போன்ற வரியும், நட்சத்திரம் போன்ற வரியும் எப்படி வருகின்றன? இரண்டுக்கும் தனித்தனி முறைகள் உண்டா?

பதில்: மீன்முள் வரிக்கு, ஒரு கம்பியை வலப்புறமாகவும் அடுத்ததை இடப்புறமாகவும் திருகி அருகருகே பற்றவைக்க வேண்டும், சாய்கோடுகள் எதிரெதிராகச் சந்தித்துக்கொள்ளும். நட்சத்திரத்துக்குத் தனித் திருகல் கிடையாது. அதே கம்பியை எவ்வளவு ஆழம் தேய்க்கிறோம் என்பதுதான் வேறுபாடு. திருகிய கம்பியின் மேற்பரப்பில் சாய்கோடுகள் மட்டுமே இருக்கும். அதன் நடுவை நோக்கித் தேய்க்கத் தேய்க்கக் கோடுகள் வளைந்து, அரைவட்டமாகி, மையத்தை நெருங்கும்போது நட்சத்திரமாகவும் சுருளாகவும் விரியும். சிறிது தூரம் திருகி, சிறிது தூரம் திருகாமல் விட்டால் சுருளும் நேர்வரியும் மாறி மாறி வரும். பழைய வாள்களில் இதைக் காணலாம்.

இதனால் ஒரு சங்கடமும் உண்டு. கத்தியின் ஒரு பக்கத்தை மறுபக்கத்தை விட அதிகமாகத் தேய்த்துவிட்டால் இரு பக்கங்களிலும் வெவ்வேறு வரிகள் நிற்கும். என் முதல் கத்தி இன்றும் ஒரு பக்கம் மீன்முள்ளும் மறுபக்கம் அரைகுறை நட்சத்திரமுமாகப் பட்டறைச் சுவரில் தொங்குகிறது. வருபவர்கள் அதை வேண்டுமென்றே செய்த நுட்பம் என்று பாராட்டும்போது நான் மறுப்பதில்லை.

கேள்வி: இந்தத் திருகு வரியும் பழைய டமாஸ்கஸ் வாள்களின் ஊட்ஸ் உருக்கும் ஒன்றுதானே?

பதில்: இல்லை. ஊட்ஸ் என்பது மூடிய மண் கலத்தில் இரும்பைக் கார்பனோடு உருக்கி எடுக்கும் கட்டி. அதன் நீரோட்டம் போன்ற வரி, எஃகு ஆறும்போதும் பின்னர் அடிக்கப்படும்போதும் உள்ளே கார்பைடு துகள்கள் வரிசைகட்டுவதால் தானாக எழுவது. சியாக்ஸின் வரியோ, உருகாத வெவ்வேறு கம்பிகளைக் கொல்லர் கையால் அடுக்கித் திருகியதால் வருவது. கண்ணுக்கு ஒத்திருப்பதால் இரண்டுக்கும் டமாஸ்கஸ் என்ற ஒரே பெயர் ஒட்டிக்கொண்டது.

கேள்வி: அந்தக் காலத்தில் நிக்கல் எஃகு இல்லையே, பிறகு வரி எப்படிப் பளிச்சென்று தெரிந்தது? கார்பன் மிகுந்த எஃகையும் மென்மையான இரும்பையும் அடுக்கினால் போதாதா?

பதில்: நுணுக்கமான கேள்வி. கார்பனை நம்பினால் ஏமாற்றம்தான். பற்றவைக்கும் சூட்டில் அது மெல்லிய அடுக்குகளைத் தாண்டி விரைவாகப் பரவி, சில சூடுகளுக்குள் எல்லா அடுக்குகளையும் ஏறத்தாழ ஒன்றாக்கிவிடும். அன்றைய கொல்லருக்குப் பாஸ்பரஸ் கலந்த இரும்பு உதவியது. பாஸ்பரஸ் இடம்விட்டு அவ்வளவு எளிதாக நகராது. கார்பனையும் தன் பக்கம் வரவிடாது. மெருகேற்றி அமிலம் காட்டினால் வெளிறி நிற்கும். ஆனால் அந்த இரும்பு ஆறிய நிலையில் நொறுங்கும் தன்மை உடையது என்பதால், வரி கத்திக்கு வலிமை சேர்த்தது என்ற பரவலான கருத்தை நான் ஏற்பதில்லை. வெட்டியது கீழேயிருந்த எஃகு வாய், நடுப்பகுதி பார்ப்பவர்களுக்காக. இன்று பாஸ்பரஸ் இரும்பு கிடைப்பது அரிது. ஏறத்தாழ 2 விழுக்காடு நிக்கல் கொண்ட 15என்20 எஃகையும் கார்பன் மிகுந்த 1084 எஃகையும் அடுக்கினால் அதே வேலை நடக்கும், வரலாறு சற்றே வளைந்தாலும்.

கேள்வி: தோய்ச்சல் கொடுத்ததும் கத்தி வாழைப்பழம் போல வளைந்துவிட்டது. தண்ணீரில்தான் தோய்த்தேன்.

பதில்: விரிசல் விழாமல் வளைந்ததோடு போனதே என்று கொள்ளுங்கள். முதுகில் மென்மையான இரும்பும் வாயில் எஃகும் இருக்கும் கத்தியில், எஃகு கடினமாகும்போது பருமன் கூடுகிறது. இரும்பு அப்படிச் செய்வதில்லை. இரண்டும் ஒட்டியே இருப்பதால் கத்தி வளைந்துதான் ஆக வேண்டும். தோய்ச்சலுக்கு முன் மூன்று முறை, காந்தம் ஒட்டாத சூடு வரை ஏற்றிக் காற்றில் ஆறவிட்டு, அடித்தபோது உள்ளே தங்கிய இறுக்கத்தைத் தளர்த்துங்கள். வாயைச் சாணையில் மெலிதாக்கிவிடாமல் ஒன்றரை மில்லிமீட்டர் தடிமனாவது விட்டுவையுங்கள். 1084 போன்ற எஃகானால் 815 டிகிரியை ஒட்டிய சூட்டிலிருந்து, 50 டிகிரிக்குச் சூடாக்கிய எண்ணெயில், முனை கீழ்நோக்கிச் செங்குத்தாக இறக்குங்கள். பக்கவாட்டில் அலைக்க வேண்டாம். எண்ணெயிலிருந்து எடுத்த உடனே, முழுவதும் கடினமாகும் முன், வளைவை நேராக்கச் சிறிது நேரம் கிடைக்கும். அதற்குக் கையுறையும் நேரான இரண்டு மரக்கட்டைகளும் முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டும். கை பொறுக்கும் அளவுக்கு ஆறியதும் தள்ளிப்போடாமல் 200 டிகிரியில் இரண்டு மணி நேரம் வீதம் இருமுறை பதப்படுத்துங்கள்.

கேள்வி: துத்தநாகம் பூசிய பழைய இரும்புப் பட்டைகள் கைவசம் நிறைய உள்ளன. அவற்றை முதுகுப் பகுதிக்குப் பயன்படுத்தலாமா?

பதில்: கூடாது. உலைச் சூட்டில் எழும் துத்தநாகப் புகை காய்ச்சலும் நடுக்கமும் உண்டாக்கும்.

கேள்வி: சியாக்ஸின் முனையை அடித்து வடிவமைப்பதா, தேய்த்து வடிவமைப்பதா? பிடியில் உலோகத் தடுப்பு வைக்க வேண்டுமா?

பதில்: முதுகு உடைந்து சரிவதைப் போன்ற அந்த இங்கிலாந்து வடிவத்துக்கு, முதுகின் பக்கமாகவே வெட்டித் தேய்ப்பது நல்லது. முதுகு இரும்பும் திருகு கம்பிகளும் ஒன்றன்பின் ஒன்றாகச் சரிவில் முடிந்துபோக, எஃகு வாய் மட்டும் கூர்முனை வரை போய்ச் சேரும். மாறாக, வாய்ப்பக்கத்தைத் தேய்த்து முனையை மேலே தூக்கினால், முனையில் திருகு கம்பியின் மென்மையான இரும்புதான் மிஞ்சும். எத்தனை முறை தீட்டினாலும் கூர் நிற்காது. பிடியைப் பொறுத்தவரை, அலகின் வாலை மரத்திலோ கொம்பிலோ துளையிட்டுச் செருகினாலே போதும், தடுப்பு வேண்டாம். துளையை முதலில் சற்றுச் சிறிதாக இட்டு, வாலை மங்கிய சிவப்புக்குச் சூடாக்கி மரத்தில் எரித்து இறக்கினால் இடைவெளியின்றி அமரும். அந்த நேரத்தில் அலகுக்குச் சூடு ஏறிப் பதம் போய்விடாமல் ஈரத்துணி சுற்றிக்கொள்ளுங்கள். கொம்பானால் நாற்றம் அதிகம், வெளியில் வைத்துச் செய்யுங்கள்.