ஐந்து நிமிடம், எட்டு ஸ்லைடு

உப்பு நீரில் பயறு விதைகள் எப்படி முளைக்கின்றன என்று சோதித்து, அறிவியல் கண்காட்சிக்குத் தயாராகிறேன். பேசுவதற்கு ஐந்து நிமிடம்தான். ஆனால் 22 ஸ்லைடு ஆகிவிட்டது. எதை விடுவது? – ஒன்பதாம் வகுப்பு மாணவி

எட்டு போதும். தலைப்பு ஒன்று, கேள்வியும் கருதுகோளும் (சோதனைக்கு முன் நீங்கள் எதிர்பார்த்த விடை) ஒன்று, செய்முறை ஒன்று, முடிவுகளுக்கு இரண்டு, விளக்கம், சோதனையின் குறைகள், அடுத்து என்ன செய்யலாம் என்று ஒவ்வொன்று. ஐந்து நிமிடத்தில் இரண்டு நிமிடம் முடிவுகளுக்கே போகட்டும்.

‘உப்பு என்றால் என்ன’, ‘முளைத்தல் என்றால் என்ன’ என்று பாடப்புத்தகத்தில் இருப்பதைச் சொல்லும் ஸ்லைடுகளைத் தயங்காமல் எடுத்துவிடுங்கள். நடுவர்களுக்கு அது தெரியும். அவர்களுக்குத் தெரியாதது நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதுதான். அதனால் செய்முறை ஸ்லைடில் அளவுகள் துல்லியமாக இருக்க வேண்டும். ‘தண்ணீரில் கொஞ்சம் உப்பு கலந்தேன்’ என்பதை வைத்து வேறொருவர் அந்தச் சோதனையைத் திரும்பச் செய்ய முடியாது. ‘10 கிராம் உப்பைக் கரைத்து மொத்தம் 1 லிட்டராக்கியது 1% கரைசல், கரைசலுக்கு 3 தட்டு, தட்டுக்கு 20 விதை, ஐந்தாம் நாள் எண்ணியது’ என்று எழுதினால் செய்யலாம். எதை ‘முளைத்தது’ என்று கணக்கில் எடுத்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். வேர் 2 மி.மீ. நீண்டால் முளைத்ததாகக் கொண்டேன் என்று ஒரு வரி போதும். பலரும் விட்டுவிடுவதும், நடுவர்கள் முதலில் கேட்பதும் இதைத்தான். தட்டின் புகைப்படத்தில் பக்கத்தில் ஓர் அளவுகோல் இருக்கட்டும்.

எடுத்த ஸ்லைடுகளில் தேவைப்படக்கூடியவற்றை, குறிப்பாக எல்லாத் தட்டுகளின் முழு அட்டவணையை, கடைசி ஸ்லைடுக்குப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள். கேள்வி வரும்போது பவர்பாயிண்டில் அந்த ஸ்லைடின் எண்ணைத் தட்டி என்டர் அழுத்தினால் நேரே அங்கே போய்விடும்.

என் மகன் இரண்டு உரங்களை ஒப்பிட்டு, எக்செலில் வரைபடம் போட்டான். வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது. பள்ளி அளவில் பார்த்த நடுவர், ‘வரைபடம் ஏமாற்றுகிறது’ என்றாராம். எண்கள் எல்லாம் சரிதானே? – ஒரு தந்தை

எண்கள் சரியாக இருந்தும் படம் தவறாகலாம். ஒரு குழுச் செடிகளின் சராசரி உயரம் 14.2 செ.மீ., மற்றதன் சராசரி 15.1 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். உண்மையான வித்தியாசம் சுமார் 6%. செங்குத்து அச்சு 14-இல் தொடங்கினால் ஒரு பட்டையின் உயரம் 0.2, அடுத்ததன் உயரம் 1.1. கண்ணுக்கு ஐந்தரை மடங்காகத் தெரியும். பட்டை வரைபடத்தில் நாம் படிப்பது பட்டையின் நீளத்தை. ஆகவே அச்சு 0-இல்தான் தொடங்க வேண்டும். எக்செல் தானாகத் தேர்ந்த தொடக்கத்தை அப்படியே விடாமல், அச்சின் அமைப்பில் குறைந்தபட்ச மதிப்பை 0 என்று மாற்றச் சொல்லுங்கள்.

எக்செலில் இன்னொரு பொறியும் உண்டு. உப்பின் அளவு 0, 0.5, 1, 2% என்று எண்களாக இருக்கும்போது, ‘லைன்’ வகையைத் தேர்ந்தால் அது இந்த நான்கையும் வெறும் பெயர்களாகக் கருதிச் சம இடைவெளியில் வைத்துவிடும். 1-க்கும் 2-க்கும் உள்ள தூரம், 0-க்கும் 0.5-க்கும் உள்ள தூரம் அளவே தெரியும். கோட்டின் சரிவு பொய்யாகிவிடும். ஒவ்வோர் அளவையும் அதன் எண்ணுக்குரிய இடத்தில் புள்ளியாக வைக்கும் ‘ஸ்கேட்டர்’ வகையைத் தேர்ந்தால் இடைவெளி சரியாக வரும். உரத்தின் பெயர், மண்ணின் வகை போன்றவற்றுக்குப் பட்டை. அளந்த எண்களுக்கு ஸ்கேட்டர்.

சராசரியை மட்டும் காட்டுவதும் போதாது. மூன்று தட்டில் 9, 11, 13 விதை முளைத்தாலும் சராசரி 11. 3, 11, 19 முளைத்தாலும் 11. முதலாவதை நம்பலாம், இரண்டாவதில் ஏதோ பிசகியிருக்கிறது. மூன்று நான்கு முறைதான் செய்த சோதனை என்றால், ஒவ்வொரு முறையின் அளவையும் ஒரு புள்ளியாக வைத்துவிடுவதே நேர்மையானது. அச்சுகளில் அலகு எழுதுங்கள். சிவப்பையும் பச்சையையும் எதிரெதிராக வைக்காதீர்கள். அவற்றைப் பிரித்தறிய முடியாத கண்கள் பல. நீலமும் ஆரஞ்சும் நல்ல இணை.

வீட்டுக் கணினியில் அழகாக இருந்த தமிழ் எழுத்து, அரங்கத்துக் கணினியில் புரியாத குறிகளாகிவிட்டது. ஏன்? – அறிவியல் ஆசிரியை

யூனிகோடு (எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறை) அல்லாத பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்திருப்பீர்கள். அவ்வகைக் கோப்பில் உண்மையில் இருப்பவை ஆங்கிலக் குறிகளே. தமிழ் உருவம் அந்த எழுத்துருவிடம் மட்டுமே இருக்கிறது. அது இல்லாத கணினியில் குறிகள்தான் தெரியும். யூனிகோடுக்கு மாற்றி, நிர்மலா, நோட்டோ போன்ற எழுத்துருவில் அமையுங்கள். கூடவே ஒரு பிடிஎஃப் பிரதியும் பென் டிரைவில் இருக்கட்டும். அதில் அசைவூட்டமும் காணொளியும் ஓடாது, ஆனால் எழுத்து குலையாது.

எழுத்தின் அளவு 24 பாயிண்டுக்குக் கீழே போக வேண்டாம். தமிழில் எழுத்துக்கு மேலே விசிறியும் (கி, கீ) கீழே சுழியும் (கு, கூ) வருவதால், வரி இடைவெளியை 1.2 அளவுக்குக் கூட்டினால்தான் வரிகள் ஒன்றையொன்று இடிக்காது.

கருதுகோள் தவறிவிட்டது. அந்த ஸ்லைடை மாற்றி எழுதிவிடலாமா? – பத்தாம் வகுப்பு மாணவன்

கூடாது. சோதனைக்கு முன் குறிப்பேட்டில் எழுதிய வாக்கியத்தையே போடுங்கள். நடுவர் குறிப்பேட்டைப் புரட்டிப் பார்ப்பார். விளக்க ஸ்லைடில், ‘எதிர்பார்த்தது இது, கிடைத்தது இது, காரணம் இதுவாக இருக்கலாம், அதைச் சரிபார்க்க இந்தச் சோதனை’ என்று நான்கு வரி எழுதுங்கள்.