ஏரிக்கரையில் எந்த ஊரில் தங்குவது? சால்ஸ்காமர்கூட் குடும்பப் பயணம்: கேள்வி பதில்

ஆஸ்திரியாவில் சால்ஸ்பர்க் நகருக்குக் கிழக்கே ஏரிகளும் சுண்ணாம்புக்கல் மலைகளும் நிறைந்த சால்ஸ்காமர்கூட் வட்டாரத்துக்குக் குடும்பத்தோடு செல்லவிருப்போர் கேட்ட கேள்விகளும், அவ்வட்டாரத்தை நன்கறிந்த ஒருவர் அளித்த பதில்களும் இவை.

கேள்வி: பிள்ளைகளுக்கு 6, 10 வயது. ஹால்ஸ்டாட்டிலேயே ஆறு இரவுகள் தங்க எண்ணியுள்ளோம். சரிதானா?

பதில்: ஓர் இரவு தங்கலாம், ஆறு வேண்டாம் என்பதே என் கருத்து. ஹால்ஸ்டாட்டில் குடியிருப்போர் ஏறத்தாழ 750 பேர்தான். கோடையின் உச்சத்திலோ ஒரே நாளில் பத்தாயிரம் பேர் வரை அங்கே வந்து போகிறார்கள். மலை ஒருபுறமும் ஏரி மறுபுறமும் நெருக்க, நடுவே கிடைத்த குறுகிய இடத்தில் வீடுகள் அடுக்கடுக்காக எழுந்து நிற்பதுதான் அந்த ஊரின் அழகு. பிள்ளைகள் ஓடியாட அங்கே இடம் குறைவாக இருப்பதற்கும் அதுவே காரணம். படமெடுப்போரின் இரைச்சல் தாங்காமல் 2023ஆம் ஆண்டு ஏரிக்காட்சியை மறைத்து ஒரு மரத்தடுப்பே வைக்கப்பட்டது. எதிர்ப்பு எழுந்ததால் பின்னர் அதை அகற்றிவிட்டார்கள்.

அதே ஏரியின் தென்கோடியில் ஓபர்ட்ரௌன் என்ற ஊர் இருக்கிறது. கரையோரம் விரிந்த புல்வெளி, நீந்துவதற்கான துறை, சொந்த ரயில் நிலையம், கிரிப்பன்ஸ்டைன் மலைக்குச் செல்லும் கேபிள் கார் ஆகிய அனைத்தும் அங்கே உண்டு. ஹால்ஸ்டாட்டுக்குப் பேருந்திலேயே சென்று திரும்பலாம். பிள்ளைகளுக்கு நாள்தோறும் தண்ணீரில் விளையாடுவதே முக்கியம் என்றால், வொல்ஃப்காங் ஏரிக்கரையிலுள்ள சாங்க்ட் கில்கனையோ ஸ்ட்ரோபிளையோ தேர்ந்தெடுங்கள். மலைநிழலில் கிடக்கும் ஹால்ஸ்டாட் ஏரி நடுக்கோடையிலும் சில்லென்றுதான் இருக்கும், வொல்ஃப்காங் ஏரி அப்போது 20 பாகை செல்சியஸுக்கு மேல் வெதுவெதுப்பாகிவிடும். இந்த ஏரிக்கரை இரண்டு மாநிலங்களுக்கு உரியது. சாங்க்ட் கில்கன் சால்ஸ்பர்க் மாநிலத்தைச் சேர்ந்தது, சாங்க்ட் வொல்ஃப்காங் மேல் ஆஸ்திரியாவைச் சேர்ந்தது. சால்ஸ்பர்க் மாநிலத்தில் இரவு தங்கும் விருந்தினர்கள் அம்மாநிலத்துக்குள் பேருந்திலும் ரயிலிலும் இலவசமாகச் செல்வதற்கான பயண அட்டை 2025 மே மாதம் முதல் வழங்கப்படுவதால், கார் இல்லாத குடும்பத்துக்கு இந்த வேறுபாடு பணமாகவே மிஞ்சும். ஆறு இரவுகளுக்கு நான் ஸ்ட்ரோபிளைத்தான் சொல்வேன். அங்கிருந்து ஹால்ஸ்டாட்டுக்கு ஒரு நாள் ஒதுக்கி, காலை ஒன்பது மணிக்கு முன்போ மாலை ஐந்துக்குப் பின்போ ஊருக்குள் நடந்து பாருங்கள்.

கேள்வி: உடன் வரும் அம்மாவுக்கு 72 வயது, முழங்கால் வலி உண்டு. மலை உச்சி எதையாவது அவரால் பார்க்க முடியுமா?

பதில்: தாராளமாக முடியும். சாங்க்ட் வொல்ஃப்காங்கிலிருந்து 1893 முதல் ஓடிக்கொண்டிருக்கும் ஷாஃப்பெர்க் பல்சக்கர ரயில், 1,783 மீட்டர் உயரமுள்ள உச்சியை ஒட்டியே இறக்கிவிடுகிறது. அதற்குப் பிறகு ஏற வேண்டிய சரிவு சிறியதுதான், அதையும் ஏற மனமில்லை என்றால் நிலையத்தருகே நின்றபடியே ஏரிகளைப் பார்க்கலாம். ஓபர்ட்ரௌனிலிருந்து கிரிப்பன்ஸ்டைனுக்கும் கேபிள் காரிலேயே போய்விடலாம். ஆனால் பள்ளத்தாக்கின் மேல் ஐந்து விரல்களைப் போல நீண்டிருக்கும் பார்வை மேடைக்கு அங்கிருந்து சுமார் அரைமணி நேரம் நடக்க வேண்டும், திரும்பும்போது ஏற்றமும் இருக்கும்.

டாக்ஸ்டைன் பனிக்குகைக்கு மட்டும் அவரை அழைத்துச் செல்ல வேண்டாம். கேபிள் கார் நிறுத்தத்திலிருந்து குகை வாயில் வரை மேட்டுப்பாதை, உள்ளே உறைநிலையை ஒட்டிய குளிர், கூடவே நூற்றுக்கணக்கான படிகள். குழுவாகவே உள்ளே செல்ல வேண்டியிருப்பதால், நடுவழியில் அவர் களைத்தால் அனைவருக்கும் சங்கடம். அந்த நாளை அவர் கோசாவ் ஏரிக்கரையில் கழிக்கட்டும். கோசாவ் ஏரிகளுள் முன்னே உள்ளதன் ஓரப்பாதை பெரும்பாலும் சமதளமானது, டாக்ஸ்டைன் பனியாற்றை அங்கே பெஞ்சில் உட்கார்ந்தபடியே பார்க்கலாம்.

கேள்வி: எங்களுக்குப் பள்ளி விடுமுறை ஏப்ரல் இறுதியிலும் மே மாதத்திலும்தான். அப்போது வரலாமா?

பதில்: மே மாதத்தின் பின்பாதியில் வாருங்கள். ஈஸ்டருக்குப் பிந்திய வாரங்களிலும் நவம்பரிலும் கேபிள் கார்களைப் பராமரிப்புக்காக நிறுத்திவிடுவார்கள். விடுதிகள் பலவும் அப்போதுதான் விடுமுறை எடுத்துக்கொள்ளும். மே பின்பாதியில் பள்ளத்தாக்கெங்கும் பூத்திருக்கும், உயரத்தில் பனி எஞ்சியிருக்கும். நீந்த முடியாத அளவுக்குத் தண்ணீர் குளிரும் என்பதை மட்டும் பிள்ளைகளிடம் முன்பே சொல்லிவிடுங்கள். விடுமுறையை மாற்றிக்கொள்ள முடிந்தவர்களுக்கு செப்டம்பர் முதல் பாதியே என் பரிந்துரை.

கேள்வி: வாடகைக் கார் தேவையா?

பதில்: கைக்குழந்தை இருந்தால் வசதி, இல்லாவிட்டால் தேவையில்லை. சால்ஸ்பர்கிலிருந்து 150ஆம் எண் பேருந்து சாங்க்ட் கில்கன், ஸ்ட்ரோபிள் வழியாக பாட் இஷ்ல் செல்கிறது. அங்கே ரயில் ஏறினால் ஹால்ஸ்டாட், ஓபர்ட்ரௌன். ஹால்ஸ்டாட் ரயில் நிலையம் ஏரியின் மறுகரையில் இருப்பதால், ரயில் வரும் நேரத்தையொட்டிப் புறப்படும் படகில்தான் ஊரை அடைய வேண்டும். இரவு தாமதமாக வரும் ரயிலுக்குப் படகு கிடையாது. கார் எடுப்பவர்கள் கவனிக்க: ஹால்ஸ்டாட்டின் வாகன நிறுத்தங்கள் கோடையில் முற்பகலிலேயே நிரம்பிவிடும். 14 வயதுக்குட்பட்ட, 135 சென்டிமீட்டருக்குக் குறைவான உயரமுள்ள பிள்ளைகளுக்குத் தனி இருக்கை சட்டப்படி கட்டாயம்.

கேள்வி: நாங்கள் சைவம். முட்டை சாப்பிடுவோம். உணவு கிடைக்குமா?

பதில்: கிடைக்கும், ஆனால் வகை குறைவு. பாலாடைக்கட்டி சேர்த்த மாவுருண்டைகளான காஸ்நோக்கன், பிய்த்துப் போட்ட இனிப்பு அடையான கைசர்ஷ்மார்ன், கோடையில் வரும் மஞ்சள் காளான் உணவுகள் ஆகியவை உங்களுக்குப் பொருந்தும். சூப்பில்தான் எச்சரிக்கை வேண்டும். உள்ளே அடைத்துண்டுகள் மட்டுமே மிதந்தாலும், நீர் பெரும்பாலும் மாட்டெலும்பு வேகவைத்த சாறாகவே இருக்கும். க்னோடல் உருண்டைக்குள் பன்றி இறைச்சித் துணுக்குகள் இருக்கலாம், கேட்டு வாங்குங்கள். சமையலறையுள்ள குடியிருப்பை வாடகைக்கு எடுப்பது நல்லது. கோடையில் இவற்றைப் பெரும்பாலும் சனி முதல் சனி வரை என்றே தருவார்கள். சனிக்கிழமை மாலை ஆறு மணியோடு கடைகள் அடைபட்டால் திங்கள் காலைதான் திறக்கும் என்பதால், அறைக்குப் போகும் வழியிலேயே அரிசியும் பாலும் காய்கறியும் வாங்கிவிடுங்கள்.

கேள்வி: மழை பெய்தால் என்ன செய்வது?

பதில்: பெய்தால் என்றல்ல, பெய்யும்போது என்றே திட்டமிடுங்கள். ஜூலை இங்கே அதிகம் மழை பெய்யும் மாதங்களில் ஒன்று. அத்தகைய நாளுக்கு நான் முதலில் சொல்வது ஆல்ட்ஔசே உப்புச் சுரங்கம். நாஜிகள் கொள்ளையடித்த கலைச்செல்வங்களை இரண்டாம் உலகப் போரின்போது இங்கேதான் பதுக்கினார்கள். கெண்ட் நகரத் தேவாலயத்தின் பலிபீட ஓவியமும், மைக்கலாஞ்சலோ வடித்த ப்ரூஜ் மாதா சிலையும் அவற்றுள் அடங்கும். 1945இல் தோல்வி நெருங்கியபோது, அனைத்தையும் தகர்ப்பதற்காக, பளிங்குக்கல் என்று எழுதிய பெட்டிகளுக்குள் குண்டுகளை வைத்து உள்ளே இறக்கினார்கள். உப்புத் தொழிலாளர்கள் அவற்றை வெளியேற்றியதால் ஓவியங்கள் பிழைத்தன. இந்தக் கதையைச் சுரங்கத்துக்குள் நின்று கேட்கும்போது பத்து வயதுப் பிள்ளைக்கும் சலிப்பு வராது. உள்ளே 7, 8 பாகைதான், ஆகவே கோடையானாலும் கம்பளிச் சட்டை வேண்டும். 4 வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு அனுமதி இல்லை, அதனால் பெற்றோரில் ஒருவர் வெளியே தங்க நேரிடும்.

கேள்வி: ஹால்ஸ்டாட் எலும்பு இல்லத்துக்கு எட்டு வயது மகளை அழைத்துச் செல்லலாமா?

பதில்: அது அவளுடைய இயல்பைப் பொறுத்தது. இடுகாடு மிகச் சிறியதாக இருந்ததால், பழைய கல்லறைகளைத் திறந்து எலும்புகளை எடுத்து அடுக்கினார்கள். அங்குள்ள சுமார் 1,200 மண்டையோடுகளில் பாதிக்கு மேற்பட்டவற்றில் பெயரும் பூமாலையும் தீட்டப்பட்டுள்ளன. அச்சமூட்டுவதற்காக அல்ல, இறந்தவர் மீது கொண்ட அன்பால் செய்தது என்று வாசலிலேயே விளக்கிச் சொல்லிவிட்டு, வருகிறாளா என்று அவளையே கேளுங்கள்.

கேள்வி: எதை முதலில் முன்பதிவு செய்ய வேண்டும்?

பதில்: முதலில் தங்குமிடம். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களுக்கென்றால் குளிர்காலத்திலேயே பதிந்துவிடுங்கள். காட்டிய விலைக்கு மேல் ஆளுக்கு, இரவுக்கு என்று ஊர் வரி சேரும். அடுத்தது ஷாஃப்பெர்க் ரயில், நல்ல வானிலையில் அதன் இடங்கள் விரைவில் தீர்ந்துவிடும். கேபிள் கார் சீட்டை மட்டும் முன்கூட்டியே வாங்க வேண்டாம். உச்சியிலிருந்து நேரலையாக வரும் கேமரா காட்சியை அன்று காலை பாருங்கள். மேகம் மூடியிருந்தால் சுரங்கத்துக்குப் போங்கள், தெளிந்திருந்தால் முதல் பெட்டியிலேயே ஏறிவிடுங்கள்.