வாசகர் கேள்விகள்: திருகோணமலைக்கு ஏற்ற சிறு வீடு

கேள்வி: உப்புவெளியில் எங்களுக்கு 8 பேர்ச் காணி இருக்கிறது. இனி நானும் கணவரும் மட்டுமே அங்கு வாழப்போகிறோம். 400 சதுர அடிக்குள் ஒரு வீடு போதுமா? கப்பல் கொள்கலன் ஒன்றை வாங்கி வைத்து வீடாக்கினால் செலவு மிச்சம் என்று கனடாவிலுள்ள மகன் சொல்கிறார். (வாசகி, உப்புவெளி)

பதில்: போதும், ஆனால் விறாந்தையை அந்த 400 சதுர அடிக்குள் அடக்கிவிடாதீர்கள். நம்மூரில் பகல் வாழ்க்கையின் பாதி விறாந்தையில்தான் நடக்கிறது. அதை விட்டுவிட்டு அறைகளை மட்டும் கணக்கிட்டால் எந்தச் சிறு வீடும் மூச்சுமுட்டும்.

மகனின் யோசனையை நான் ஏற்கமாட்டேன். 20 அடிக் கொள்கலனின் வெளி அகலம் 8 அடிதான். வெப்பத்தைத் தடுக்க உள்ளே பலகை அடித்தால் ஒரு கட்டிலைப் போட்டுவிட்டு அருகில் நடப்பதே சிரமமாகிவிடும். யன்னலுக்காக வெட்டும் ஒவ்வொரு இடத்திலும் அந்த நெளிந்த இரும்புச் சுவர் தன் பலத்தை இழக்கும். வெட்டிய விளிம்பில் உப்புக்காற்றுப் பட்டுத் துரு ஏறும். குளிரூட்டி இல்லாமல் வைகாசி வெயிலில் அதற்குள் இருக்க முடியாது என்பதால், கட்டும்போது மிஞ்சிய பணம் மின்கட்டணமாக வெளியேறும்.

என் விருப்பம் 24 அடி நீளமும் 16 அடி அகலமும் கொண்ட 384 சதுர அடி வீடு. இரண்டுமே நான்கின் மடங்குகள் என்பதைக் கவனியுங்கள். கடையில் விற்கும் பலகை 8 அடிக்கு 4 அடி, தரை ஓடு 2 அடிக்கு 2 அடி என வருவதால், வீட்டின் அளவுகளையும் அதே கட்டத்தில் வைத்துக்கொண்டால் வெட்டி எறியும் துண்டுகள் குறையும், பின்னர் ஓர் அறையைச் சேர்ப்பதும் எளிதாகும். அளவு ஒழுங்குக்குள் வந்துவிட்டால் மேசனார் கட்டும் சாதாரண புளொக் கல் வீடும் பகுதி பகுதியாக வளரக்கூடிய வீடுதான்; அதற்குத் தொழிற்சாலைப் பெட்டிகள் தேவையில்லை.

நீளப் பக்கத்தைக் கிழக்கு மேற்காக வையுங்கள். திருகோணமலையில் சித்திரை நடுப்பகுதியிலும் ஆவணியிலும் நண்பகல் சூரியன் தலைக்கு நேரே நிற்கிறது. இடைப்பட்ட மாதங்களில் வடக்கே சற்றுச் சாய்கிறது, ஏனைய காலத்தில் தெற்கே சாய்கிறது. ஆகவே வடக்கு, தெற்குச் சுவர்களுக்கு மூன்றடி இறவாரம் பெரும்பாலும் போதுமானது. தாழ்ந்து வரும் காலை, மாலை வெயிலை இறவாரத்தால் தடுக்க முடியாது என்பதால்தான் கிழக்கு, மேற்குச் சுவர்கள் குறுகியிருக்க வேண்டும். சிக்கல் என்னவென்றால் கச்சான் காற்று மேற்கிலிருந்தும் கடற்காற்று கிழக்கிலிருந்தும் வருகின்றன. வெயிலை அடைத்தால் காற்றையும் அடைத்துவிடுவோம். எனவே கிழக்கில் விறாந்தையும், மேற்கில் பின்வாசலுக்கு மேல் ஒரு தனித் தாழ்வாரமும் வைத்து, முன்வாசலையும் பின்வாசலையும் ஒரே நேர்கோட்டில் அமையுங்கள். படுக்கையறையின் மேற்குச் சுவரோடு அலுமாரியைக் கட்டிவிட்டால் சுவரின் சூடு கட்டிலுக்கு வராது. குசினியைத் தென்கிழக்கில் வைத்தால் கச்சான் அதன் புகையை வீட்டுக்குள் தள்ளாது. வாஸ்து பார்ப்பவர்கள் அக்கினி மூலை என்பதும் அதைத்தான். இந்த விடயத்தில் அவர்களோடு எனக்குச் சண்டையில்லை. குளியலறையைக் குசினிச் சுவரோடு ஒட்டி வைத்தால் குழாய் வேலை பாதியாகும்.

விறாந்தைக் கூரையை வீட்டுக் கூரையின் நீட்சியாகப் போடாமல், தாழ்வாகத் தனியே போடுங்கள். 1964 மார்கழிப் புயலை அறிந்த முதியவர்களும், 2020இல் புரெவி நம் கரையைக் கடந்த இரவில் விழித்திருந்தவர்களும் காற்று கூரையை அடியிலிருந்துதான் தூக்கும் என்பதை அறிவார்கள். தனியே இருந்தால் விறாந்தைக் கூரை போனாலும் வீட்டுக் கூரை நிற்கும். வீட்டுக் கூரை மரங்களைச் சுவரின் மேல் ஓடும் கொங்கிறீற் வளையத்தோடு இரும்புப் பட்டையால் இறுக்கக் கட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: இப்போது ஓர் அறையும் குசினியும் மட்டும் கட்டி, பணம் சேரும்போது பெருப்பிக்க எண்ணுகிறோம். மேல்மாடிக்காகத் தூண் கம்பிகளை நீட்டி விடலாமா? (வாசகர், மூதூர்)

பதில்: வேண்டாம். கடலோரத்தில் திறந்து கிடக்கும் கம்பி சில ஆண்டுகளில் துருவேறிப் பருத்து, தன்னைச் சுற்றியுள்ள கொங்கிறீற்றையும் வெடிக்கச் செய்யும். நம் ஊர்களில் மொட்டைக் கூரைகளுக்கு மேல் நிற்கும் கம்பிகளில் எத்தனை மாடியானவை என்று ஒருமுறை பார்த்து வாருங்கள். காணி இருக்கும்வரை பக்கவாட்டில் வளர்வதே மலிவானது.

அதற்கான ஆயத்தத்தை இப்போதே செய்ய வேண்டும். எதிர்கால வாசல் வரும் இடத்தில், அதன் மேலுள்ள சுவரைத் தாங்கும் மேல்விட்டத்தை இன்றே போட்டு, கீழே இளகிய சாந்தில் கல்லடுக்கி மூடிவிடுங்கள். நாளை அந்தக் கற்களை மட்டும் எடுத்தால் போதும். கூரையின் உயரத்தில்தான் பலரும் தவறுகிறார்கள். நான்கடிக்கு ஓரடி சரிவுள்ள கூரையை 8 அடி நீட்டினால் அது 2 அடி கீழே இறங்கும். புதிய அறையின் வெளிச்சுவர் ஏழரை அடி இருக்க வேண்டுமானால் இன்றைய சுவர் ஒன்பதரை அடியில் முடிய வேண்டும். புதிய சுவரைப் பழைய சுவரோடு பின்னிக் கட்டாமல் இடையில் ஒரு மெல்லிய பிரிவு விடுங்கள், ஏனெனில் மணல் நிலத்தில் புது அத்திவாரம் சற்று இறங்கும். கலவைக்குக் கடல் மணலும் உவர்க் கிணற்று நீரும் ஆகா. முழு வீட்டின் வரைபடத்துக்கும் முதலிலேயே உள்ளூராட்சி மன்றத்தில் அனுமதி பெற முயலுங்கள்.

கேள்வி: சிறிய கூரையில் மழைநீர் சேமிப்பது பயன் தருமா? (வாசகி, நிலாவெளி)

பதில்: தரும். ஒரு சதுர மீற்றர் கூரையில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் ஒரு லீற்றர் நீர். இறவாரத்தோடு 46 சதுர மீற்றர் வரும் ஒரு கூரை, 100 மில்லிமீற்றர் மழைக்கு, வீணாவது போக, ஏறத்தாழ 3,700 லீற்றர் தரும். நமக்கோ மழையின் பெரும்பகுதி ஐப்பசி முதல் தை வரை கொட்டித் தீர்ந்துவிடுகிறது. ஆகவே எவ்வளவு சேர்க்கலாம் என்பதைத் தாங்கியின் கொள்ளளவே தீர்மானிக்கும். இருவர் குடிக்கவும் சமைக்கவும் நாளுக்கு 20 லீற்றர் என்றால் 5,000 லீற்றர்த் தாங்கி 250 நாட்களுக்கு வரும். கோடைத் தூசியையும் பறவை எச்சத்தையும் கழுவிவரும் முதல் மழையைப் பீலியிலிருந்து வெளியே விட்டுவிடுங்கள். குடிக்கும் நீரைக் கொதிக்க வையுங்கள். டெங்கு நுளம்பு புகாதபடி தாங்கியின் வாய்க்கும் மிகைநீர்க் குழாய்க்கும் நுண்வலை கட்டாயம்.